உலை நடந்த காலம்

சேலத்திற்கு மேற்கே நெடிது கிடக்கும் கஞ்சமலையில் இரும்புக் கல்லுக்கு எக்காலத்தும் பஞ்சம் நேர்ந்ததில்லை. அதை உருக்குவதற்கு வேண்டிய மரக்கரிதான் என்றும் அருமையாக இருந்தது. இதை நன்கறிந்த பழைய கொல்லர்கள், மழைநீர் அரித்துக் கொணர்ந்த கருமணலைக் கழுவியெடுத்து, ஆளுயரத்திற்கு மேற்படாத மண் உலையைக் காட்டோரத்தில் எழுப்பி, தோல் துருத்தியால் ஊதி, விறகு அருகியதும் உலையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த காட்டோரத்தில் வேறொன்று கட்டிக்கொண்டார்கள். கரியைத் தேடி உலை நடந்தது. விளைந்த இரும்போ, சிறு எடையில் பெருவிலை பெறும் சரக்காதலால், தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் சந்தைக்குச் சென்று, தன் கூலியைத் தானே ஈட்டிக்கொண்டது.

இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கியவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தைத் துறந்து, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய உலைகளை ஸ்தாபித்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். வெள்ளாறு கடலோடு கலக்கும் அத்துறையிலிருந்து இரும்புப் பாளங்களைச் சீமைக்குக் கப்பலேற்றுவது எளிதாயிருந்தது; ஆனால் கல் இருந்ததோ உள்நாட்டில். எனவே சேலத்துக் கல், காவேரியில் பரிசலேறி, கொள்ளிடத்தின் வழியே இறங்கி, கான் சாகிப் கால்வாயைக் கடந்து பரங்கிப்பேட்டையை அடைந்தது. ஒரு பங்கு இரும்பின் பொருட்டு அதைவிட அதிகமான கல்லை, அதிலும் பெரும்பகுதி கசடாகக் கழியப்போவதை, அத்தனை தூரம் சுமந்தாக வேண்டியதே இந்த ஏற்பாட்டின் மூலதோஷம்.

கல்லுக்காவது ஆறு கைகொடுத்தது. கரிக்கு அந்தச் சகாயமும் இல்லை. நிலைபெற்ற உலை பெருந்தீனிக்காரனாதலால், அக்கம்பக்கத்துக் காடுகள் குறையக் குறைய வண்டிகள் மேலும் மேலும் தூரம் சென்று கரி கொணர நேர்ந்தது. நொறுங்கும் இயல்புடைய கரி, வழியிலேயே தூளாகிச் சேதப்படும். அதே காலத்தில் இங்கிலாந்திலோ நிலக்கரியும் இரும்புக் கல்லும் அண்டை அயலிலேயே கிடைக்க, கால்வாயும் ரயிலும் அவற்றை மலிவாகச் சேர்த்துவைத்தன. பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் தாழ்ந்ததன்று, கணக்கில்தான் தோற்றது. 1851-ல் ஹீத் மறைந்தார். 1853-ல் புதிதாய் அமைந்த கம்பெனியும் அந்தக் கணக்கைத் திருத்தமாட்டாமல், 1874-ல் கலைந்துபோயிற்று.

பிற்காலத்தில் டாட்டா கம்பெனியார், இரும்புக் கல்லுக்கும் ஜாரியா நிலக்கரிக்கும் இடைப்பட்டு, சுவர்ணரேகை, கர்காய் ஆறுகள் கூடும் சாக்சி என்னும் ஊரைத் தேர்ந்து, 1912-ல் அங்கே எஃகு வார்த்தனர். அவர்கள் மலையோடு வழியையும் அளந்தவர்கள். கஞ்சமலையின் அடிவாரத்திலோ, 1982-ல் திறந்த சேலம் உருக்காலை வெளியூரிலிருந்து வந்த எஃகுச் சுருள்களைத் தகடாக உருட்டத் தொடங்கியது; தலைக்கு மேல் நின்ற மலையின் கல்லை அது கேட்கவே இல்லை.