நெருங்காத கேமரா

ஒரு பெண் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கேமரா. கேமரா அசைவதில்லை. அவள் முகத்தை நோக்கி நெருங்குவதில்லை. கத்தி பிடித்த விரல்களைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை. பின்னணி இசையும் கிடையாது. முதுகலை வகுப்பில் இந்தக் காட்சியைத் திரையிட்டபோது இரண்டாவது நிமிடத்திலேயே மாணவிகள் நெளியத் தொடங்கினார்கள். "கதை எப்ப மேடம் ஆரம்பிக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மா தினமும் செய்ற வேலை. நான் ஒருநாளும் இவ்வளவு நேரம் நின்னு பார்த்ததில்ல."

அந்த மாணவி சொன்னதைத்தான் 1975-இல் ஷாந்தால் அகெர்மான் ஒரு திரைப்படமாக எடுத்திருந்தார். படத்தின் பெயரே ஒரு முகவரி: 'ழான் தீல்மான், 23 கே து கொமெர்ஸ், 1080 புருக்செல்.' பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மகனோடு வாழும் ஒரு கைம்பெண்ணின் மூன்று நாட்கள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள், காலணிக்குப் பாலிஷ் போடுகிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வருகிறான். அவன் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் சூப் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள். படத்தின் நீளம் 201 நிமிடங்கள். எடுத்தபோது அகெர்மானுக்கு வயது இருபத்து நான்கோ ஐந்தோதான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது இயக்குநரின் பெயரையும், ழானாக நடித்த டெல்ஃபின் செரிக்கின் பெயரையும் சொல்கிறோம். ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்த்தின் பெயர் பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. வீட்டுவேலை கண்ணில் படாமல் போவதைப் பற்றிய ஒரு படத்தில், அதைக் கண்ணில் படவைத்த பெண்ணின் உழைப்பே மறைந்துபோகிறது.

மாங்கோல்த் பிரான்சில் பிறந்தவர். 1960-களில் பாரிஸின் அரசு ஒளிப்பதிவுப் பள்ளியில் சேர முடிந்த முதல் சில பெண்களில் ஒருவர். 1970-இல் நியூயார்க்குக்குப் போனார். அடுத்த ஆண்டு அங்கே வந்த அகெர்மானுக்கு அந்நகரின் பரிசோதனைப் படங்களை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். கதையே இல்லாமல், ஓர் இடத்தையும் காலத்தையும் மட்டும் வைத்துப் படம் எடுக்கலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து வந்தது. 1972-இல் இருவரும் சேர்ந்து 'அறை', 'ஹோட்டல் மாண்டரே' ஆகிய படங்களை எடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பயிற்சியைப் பிரஸ்ஸல்ஸின் ஒரு சமையலறைக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சமையலறையில் கேமரா எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அகெர்மான் குள்ளமானவர். கேமராவும் அவருடைய கண் மட்டத்தில்தான் நிற்கிறது. பெரும்பாலும் நேர்முகமாக, ழானின் உடல் முழுவதையும், சுற்றியுள்ள அடுப்பையும் அலமாரியையும் காட்டும் தூரத்தில். அவள் பாத்திரம் கழுவும்போது நமக்கு முதுகுதான் தெரிகிறது. வேறொரு படமாக இருந்தால் முன்னால் போய் முகத்தைப் பிடித்திருக்கும். முகத்தில் சோகத்தைத் தேடி, கிடைக்காவிட்டால் இசையால் நிரப்பியிருக்கும். மாங்கோல்த்தின் கேமரா அவளைத் துண்டு துண்டாக்குவதில்லை. அவள் மனத்துக்குள் புகுந்துவிட்டதாகப் பாவனை செய்வதும் இல்லை.

ஒளியும் அப்படியே. ழான் சிக்கனக்காரி. ஓர் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போகிறாள். ஒவ்வொரு முறையும் திரையின் வெளிச்சமும் மாறுகிறது. சட்டகத்தில் எது தெரிய வேண்டும் என்பதை ஒரு குடும்பத்தலைவியின் மின்கட்டணக் கவலை முடிவு செய்கிறது. இரவில் தெருவிலிருந்து வரும் நீல ஒளி மட்டும் அவள் கட்டுக்குள் அடங்காமல் கூடத்தில் விட்டுவிட்டுத் துடிக்கிறது.

முதல் நாளை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கவைத்ததன் பயன் இரண்டாம் நாளில் தெரிகிறது. உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். சூப் பாத்திரத்தை மூட மறக்கிறாள். இவை எதையும் கேமரா சுட்டிக்காட்டுவதில்லை. ஆனாலும் நாம் பதறுகிறோம். ஒரு வீட்டின் ஒழுங்கை மனப்பாடம் செய்துவிட்ட கண்ணுக்கு மூடாத பாத்திரமே பேரிடி.

ஆண்கள் வரும்போது படுக்கையறைக் கதவு சாத்தப்படுகிறது. முதல் இரண்டு நாட்களும் கேமரா வெளியே தாழ்வாரத்திலேயே நிற்கிறது. வெளிச்சம் மங்கியதும் கதவு திறக்கிறது. வழக்கமான சினிமா எதைக் காட்டுவதற்காகக் காத்திருக்குமோ அதை விட்டுவிட்டு, அது வெட்டித் தள்ளும் பாத்திரம் கழுவுதலை முழுதாகக் காட்டுகிறார்கள். படிமங்களுக்குள்ளும் சாதியடுக்கு போன்ற ஒரு மேல்கீழ் இருக்கிறது. முத்தமும் விபத்தும் மேலே, பாத்திரம் கழுவுதல் கீழே. அந்த அடுக்கைத் தெரிந்தே கலைத்ததாக அகெர்மான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் கேமரா அறைக்குள் போகிறது. அங்கே நடக்கும் கொலையைக்கூட ஒப்பனைக் கண்ணாடியின் பிரதிபலிப்பில்தான் பார்க்கிறோம். கிழங்கு சீவியதற்குக் கிடைத்த நேரம் அதற்குக் கிடைப்பதில்லை.

லாரா மல்வி 1973-இல் எழுதிய, ஆண் பார்வையை முன்வைத்துச் சினிமாவை ஆராயும் புகழ்பெற்ற கட்டுரை அச்சானதும் இதே 1975-இல்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பிறந்தவை அல்ல. பார்க்கப்படும் பொருளாகப் பெண்ணைச் சினிமா எப்படி ஆக்குகிறது என்று மல்வி விளக்கினார். வேறு எப்படிப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு ஒரு லென்ஸின் தூரத்தாலும் ஒரு ஷாட்டின் நீளத்தாலும் விடை தேடினார்கள் அகெர்மானும் மாங்கோல்த்தும். படக்குழுவில் பெரும்பாலோர் பெண்கள். தொழில்நுட்ப வேலைகளுக்குப் பெண்களைத் தேடிப்பிடித்தே சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் அது எளிதான காரியமாக இருக்கவில்லை.

1975 கான் விழாவின் 'இயக்குநர்களின் இருவாரம்' பிரிவில் படம் திரையிடப்பட்டபோது பலர் பாதியில் எழுந்து போனார்கள். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1,600-க்கும் மேற்பட்ட விமர்சகர்களையும் ஆய்வாளர்களையும் கேட்டுத் தயாரித்த பட்டியலில் அதே படம் முதலிடம் பெற்றது. 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்தக் கணிப்பில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான். ஒளிப்பதிவாளர்களின் நிலை இன்னும் மோசம். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரையில் ஒரு பெண்ணின் பெயர், ரேச்சல் மாரிசனுடையது, முதன்முதலாக இடம்பெற்றதே 2018-இல்தான்.

அகெர்மானின் தாய் ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பி வந்தவர். சிறுவயதில் தாயிடமும் சித்தி, அத்தைகளிடமும் பார்த்த கையசைவுகளைத்தான் மகள் படமாக்கினார். அவர்களுடைய மௌனத்துக்குள் நுழைய அவருடைய கேமரா உரிமை கோரவில்லை. வேலை முடியும்வரை கூடவே நின்றது.

அன்று வகுப்பில் படம் முடிய மாலை ஆகிவிட்டது. பேருந்துக்கு நேரமாகிறதென்று சிலர் நடுவில் போய்விட்டார்கள். "கதை எப்ப?" என்று கேட்டவள் கடைசிவரை இருந்தாள். இருண்ட கூடத்தில், மேசையருகே, இரத்தக் கறையோடு ழான் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த இறுதி நிமிடங்களில் யாரும் நெளியவில்லை. அவளுக்கு இப்போது செய்ய வேலை எதுவும் இல்லை என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள்.