இலகு தோட்டா மறுநிரப்பல்

சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் புதிய கேப் (மருந்தைப் பற்றவைப்பது), மருந்து, தக்கை, ரவை ஆகியவற்றை வைத்து மீண்டும் சுடுவதற்கு ஏற்றதாக்குவதே மறுநிரப்பல். 12 போர் துப்பாக்கிக்கு நெடுங்காலம் வழக்கமாக இருந்த 32 கிராம் ரவைக்குப் பதில் 28 அல்லது 24 கிராம் மட்டும் இட்டவை இலகு தோட்டாக்கள். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டோடு சேர்ந்து வளர்ந்த இந்தக் கைவேலை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகள்வரை பரவியது.

இந்த விளையாட்டின் தொடக்கம் இங்கிலாந்தில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெட்டிகளிலிருந்து உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப்புறாக்கள் சுடப்பட்டன. புறாவுக்கு மாற்றாக அமெரிக்காவில் 1860களில் கண்ணாடிப் பந்துகள் வந்தன. ஆடம் போகார்டஸ் 1877இல் அவற்றையும் அவற்றை எறியும் பொறியையும் மேம்படுத்தினார். ஆனால் பந்து காற்றில் வளைந்து எழுந்து விழுமே தவிர, பறவையைப் போல் மிதந்து செல்லாது. 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி தட்டு வடிவ இலக்குக்குக் காப்புரிமை பெற்றார். நீரின்மேல் தத்திச் செல்லும் தட்டையான சில்லுகளைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். சூளையில் சுட்ட அவருடைய தட்டுகள் மிகக் கெட்டியாக இருந்ததால் ரவை பட்டும் பல உடையவில்லை. சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்த தட்டுகள் விரைவிலேயே அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஒலிம்பிக் தட்டு இன்று 110 மில்லிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் கொண்டது. நாலைந்து ரவை சரியாகப் பட்டாலே அது சிதறிவிடும் என்பதுதான் இலகு தோட்டாவுக்கு இடம் கொடுத்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சொந்தமாகத் தோட்டா கெட்டிப்பது துப்பாக்கிக்காரரின் அன்றாட வேலைகளில் ஒன்று. பித்தளை, காகிதக் கூடுகளோடு கேப் பொருத்தும் கருவி, மருந்து அளக்கும் கிண்ணம், மரக் கெட்டிக்கோல், வாயை உள்நோக்கிச் சுருட்டும் கைப்பொறி ஆகியவையும் கடையில் கிடைத்தன. கரிமருந்தை அவர்கள் டிராம் கணக்கில் அளந்தார்கள். 3 டிராம் என்பது ஏறத்தாழ 5.3 கிராம். புகையில்லா மருந்து வந்தபோது இந்தப் பழக்கமே ஆபத்தாயிற்று. முதலில் வந்த பருமருந்துகளைக் கரிமருந்தின் அதே கிண்ணத்தால் அளக்கலாம். பின்னால் வந்த அடர்மருந்துக்கோ அதில் சிறு பங்கே போதும். பழைய கிண்ணம் நிறைய அடர்மருந்தை இட்டவர்களின் குழல்கள் வெடித்தன. மருந்தை நிறுக்க வேண்டும், கொள்ளளவை நம்பக்கூடாது என்ற விதி அப்போதுதான் வேரூன்றியது. டிராம் என்ற சொல் மட்டும் தோட்டாப் பெட்டிகளில் நிலைத்துவிட்டது. அமெரிக்கப் பெட்டியில் 3 டிராம் என்று அச்சிட்டிருந்தால், 3 டிராம் கரிமருந்து தரும் வேகத்துக்கு இணையானது என்றே பொருள். உள்ளே அவ்வளவு மருந்து இருக்காது.

காகிதக் கூட்டுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஈரத்தில் அது ஊதியது. சிலமுறை சுட்டதும் வாய் கருகிக் கிழிந்தது. ரவையின்மேல் வைத்த அட்டை வில்லையும் சிக்கலானது. சுடும்போது அது ரவைக்கூட்டத்தின் குறுக்கே வந்து நடுவில் ஓட்டை விழச் செய்யும். தட்டு அந்த ஓட்டை வழியே தப்பிவிடும். வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மூடும் நட்சத்திர மடிப்பு வந்ததும் வில்லைக்குத் தேவையில்லாமல் போயிற்று. 1960இல் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டை அறிமுகப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் வின்செஸ்டரின் டபிள்-ஏ கூடு மறுநிரப்புவோரின் செல்லப்பொருளானது. ஆயினும் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் பிளாஸ்டிக் தக்கைதான். அதன் அடிப்புறம் வாயுவைக் கசியவிடாமல் அடைக்கிறது. மேற்புறக் கிண்ணம் ரவைகள் குழலில் உராய்ந்து தட்டையாகாமல் காக்கிறது. உருண்டை குலையாத ரவை நேராகப் போகும், தட்டையானது விலகிப் போகும். ஆகவே குறைந்த ரவையிலிருந்தே முன்பைவிடப் பயனுள்ள வீச்சு கிடைத்தது. இலகு தோட்டா வலுவிழந்த தோட்டா அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கருவிகளும் இதே காலத்தில் மலிந்தன. ரிச்சர்ட் லீ 1958இல் சுத்தியலால் தட்டி இயக்கும் எளிய கைத்தொகுப்பை உருவாக்கினார். விஸ்கான்சின் மாநிலத்து மேவில் நகரின் மெக் நிறுவனம் நெம்புகோல் அச்சுப்பொறிகளை விற்றது. கைப்பிடியை ஒருமுறை இறக்கும்போது பழைய கேப் கழன்று பித்தளை அடிப்பகுதி அளவுக்கு வரும். அடுத்தடுத்த இறக்கங்களில் புதிய கேப் அமர்ந்து, மருந்து விழுந்து, தக்கை அழுந்தி, ரவை சலசலவெனக் கொட்டி, மடிப்பு தொடங்கி மூடும். எல்லா நிலைகளிலும் ஒரே நேரத்தில் கூடுகள் நிற்கும் பொறியில், ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு முழுத் தோட்டா கிடைக்கும்.

இலகு தோட்டாவை நாடியதற்கு முதல் காரணம் உதை. வேகம் மாறாமல் ரவை எடை 32 கிராமிலிருந்து 24 ஆனால் அதன் உந்தம் கால் பங்கு குறையும். உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். ஒரு நாளில் 100 தட்டு சுடுபவரின் தோளுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டாவது காரணம் சிக்கனம்: 25 பவுண்டு ரவைப் பையிலிருந்து 1⅛ அவுன்ஸ் வீதம் 355 தோட்டா வரும், ⅞ அவுன்ஸ் வீதம் 457 வரும். டிராப் என்னும் தட்டுச் சுடுதல் வகையின் அமெரிக்கப் போட்டியில் 16 கஜத்தில் நிற்பவருக்கு இலகு தோட்டா தாராளமாகப் போதும். 27 கஜத்தில் நிற்பவர்கள் கனமானதை எளிதில் விடுவதில்லை. பன்னாட்டு விதிகளும் 32, 28 எனப் படிப்படியாக இறங்கி 24 கிராமில் நின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் இறங்கிய டிராப் போட்டியும் இந்த எல்லைக்குள் நடந்ததே. ஸ்கீட் என்னும் மற்றொரு தட்டுச் சுடுதல் வகையின் அமெரிக்கப் போட்டிகளில் 28 போருக்கு ¾ அவுன்ஸும் 410 போருக்கு ½ அவுன்ஸும்தான். இந்தச் சிறு போர்களின் கடைத் தோட்டா விலை அதிகம் என்பதால் மறுநிரப்பலின் ஆதாயமும் அங்கேதான் அதிகம்.

ரவையைக் குறைத்தால் மட்டும் இலகு தோட்டா ஆகிவிடாது. கூட்டில் வெற்றிடம் மிஞ்சினால் மடிப்பு உள்ளே குழிந்துவிடும். அதனால் உயரம் கூடிய தக்கை வேண்டும். எதிர்த்து நிற்கும் எடை குறைவதால் மெதுவாக எரியும் மருந்து முழுதும் எரியாது. குளிரில் இது மோசமாகும். ஆகவே விரைந்து எரியும் மருந்தே இதற்கு ஏற்றது. கூடு, கேப், மருந்து, தக்கை நான்கையும் சேர்த்துச் சோதித்த அட்டவணைகளை மருந்து நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும் என்பதால் தோராயக் கணக்குக்கு இங்கே இடமே இல்லை. வழக்கமான முழக்கத்துக்குப் பதில் 'பொத்' என்று மந்தமாக ஒலித்தால், அடுத்த தோட்டாவைப் போடுமுன் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்ப்பது கட்டாயம். தக்கை அங்கே சிக்கியிருந்தால் அடுத்த வெடி குழலைக் கிழித்துவிடும்.

ஈயத்தின் நச்சுத்தன்மை இப்போது இந்தக் கைவேலையின் முன்னிற்கும் கேள்வி. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயரவைக்கு நாடெங்கும் தடை உண்டு. தட்டுச் சுடுதலை அது தொடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சதுப்பு நிலங்களிலும் அவற்றை ஒட்டியும் ஈயரவையை விலக்கியது. எஃகு ரவை ஈயத்தைவிடக் கடினமானது, அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். குழலைக் காக்கத் தடித்த தக்கையும் அதற்கென்றே சோதித்த அட்டவணையும் தேவைப்படும். ஈயத்துக்கான அட்டவணையில் எஃகை இட்டு நிரப்புவது முற்றிலும் விலக்கப்பட்டது.