பனி பெய்த வருஷம்

பனிச்சறுக்கில் மோகம் கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு கடைசியில் இரண்டே விஷயங்களில் வந்து நிற்கும். போன பருவத்தில் எவ்வளவு பனி பெய்தது என்பது ஒன்று. வருகிற பருவத்தில் எவ்வளவு பெய்யும் என்பது மற்றொன்று. நீண்ட சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் பறக்கிறவர்களுக்குப் பனி அதிகமானால் ஆனந்தம், குறைந்தால் துக்கம். அந்த மலையடியிலேயே பிறந்து அங்கேயே சாகிறவனுக்கோ கணக்கு வேறு. இரண்டு கணக்கும் ஒரே பருவத்தில் எதிரெதிரே வந்து நின்றதுண்டு.

அது 1998-99ஆம் வருஷத்துக் குளிர்காலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பேக்கர் மலை இருக்கிறது. அங்குள்ள பனிச்சறுக்குத் தலத்தில் அந்தப் பருவம் முழுவதும் பெய்த பனியைக் கூட்டிப் பார்த்தார்கள்: 1,140 அங்குலம். அதாவது 95 அடி! அவ்வளவும் ஒரே சமயத்தில் நின்றுவிடவில்லை. அமுங்கியும் உருகியும் போனது போக மிஞ்சியதே நின்றது. ஆனாலும் அதே மாநிலத்து ரெய்னியர் மலையில் 1971-72இல் பதிவான 1,122 அங்குலத்தை அது மிஞ்சிவிட்டது. உலகத்தில் ஒரு பருவத்தில் அளந்த பனியில் அதுவே அதிகம் என்று ஏற்றுக்கொண்டார்கள். சறுக்குகிறவர்கள் அந்த வருஷத்தைப் பொற்காலமாகக் கொண்டாடியதில் வியப்பில்லை.

அதே குளிர்காலத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் பனி கொட்டியது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், பாட்ஸ்நவுன் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் கால்தூர் என்று ஒரு கிராமம். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். இலக்கியப் பிரியர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட 'ஆன் ஆல்பைன் இடில்' என்ற சிறுகதை இந்த ஊரில்தான் நடக்கிறது. ஒரு மாதம் மலைமேல் சறுக்கிச் சலித்துப்போன இரண்டு நண்பர்கள் கீழே இறங்கி வருகிறார்கள். அன்று காலையில் ஒரு குடியானவன் தன் மனைவியைப் புதைத்துவிட்டுப் போகிறான். அவள் செத்தது டிசம்பரில். புதைத்தது மே மாதத்தில்! பனி வழியை மூடியிருந்ததால், வசந்தம் வரும்வரை சடலத்தை விறகுக் கொட்டகையிலேயே வைத்திருந்தான்.

இந்தக் கதையின் பயங்கரத்தைப் பலர் பேசுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. நண்பர்களைக் குதூகலமாக மலைமேல் வைத்திருந்த பனியும், அந்த மனிதனின் வழியை அடைத்த பனியும் ஒன்றேதான். ஹெமிங்வே அதை விளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு காலம் மாறியது. மாடு மேய்த்துப் பிழைத்த பள்ளத்தாக்கு, விருந்தினர்களை வைத்துப் பிழைக்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் முடங்கிக் கிடந்த ஊருக்கு அதுவே அறுவடைக் காலமாயிற்று. பனி, பகையாளியாக இருந்தது போய்ப் படியளக்கும் முதலாளியாகிவிட்டது. ஆனால் அந்த முதலாளி ஒருவர் சொல் கேட்பவரல்ல. 1964இல் அதே டிரோலின் தலைநகரான இன்ஸ்ப்ருக்கில் ஒலிம்பிக் நடந்தபோது போதிய பனியே விழவில்லை. ராணுவ வீரர்கள் மலையிலிருந்து பனியைச் சுமந்து வந்து ஓடுதளங்களில் கொட்ட வேண்டியிருந்தது!

1999 ஜனவரிக் கடைசியிலிருந்து மூன்று புயல்கள் அடுத்தடுத்து வந்தன. சாலை அடைபட்டது. விடுமுறைக்கு வந்தவர்கள் ஊரைவிட்டுப் போக வழியில்லாமல் தங்கிவிட்டார்கள். மலைமேலோ பனி அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. காற்று வேறு அள்ளிக்கொண்டு வந்து குவித்தது. அடியில் வலுவில்லாத ஓர் அடுக்கு. அதன்மேல் பெரும் பாரம். பிப்ரவரி 23ஆம் தேதி மாலை நாலு மணி சுமாருக்கு அது பிடி விட்டது. வெண்புகை போலச் சீறி வந்த சரிவு ஊருக்குள் புகுந்து 31 பேரைக் கொன்றது. மறுநாள் பக்கத்து வால்ட்ஸூரில் மேலும் 7 பேர் இறந்தனர். பிறகு ஹெலிகாப்டர்கள் வந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றின.

இவர்கள் ஆபத்தை அறியாதவர்கள் அல்ல. 1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் முழுவதும் 250க்கு மேற்பட்டவர்கள் பனிச்சரிவில் மாண்ட பிறகு ஆராய்ச்சியும் தடுப்பு வேலைகளும் மும்முரமாயின. கால்தூரிலும் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். அபாயமில்லை என்று குறித்திருந்த பகுதிக்குள்ளேயே சரிவு வந்துவிட்டது. பழைய சரிவுகள் எதுவரை வந்தன என்ற கணக்கைப் பனி மதிக்கவில்லை.

அதற்காக ஊர் கலைந்து போய்விடவில்லை. வரைபடத்தைத் திருத்தினார்கள். மலைச்சரிவில் தடுப்பு வேலிகள் நட்டார்கள். ஊர் ஓரத்தில் 300 மீட்டருக்கு மேல் நீளமான கனத்த சுவரை எழுப்பி, அதனோடு ஒட்டியே ஓர் அருங்காட்சியகமும் கட்டினார்கள். காவலும் ஞாபகமும் ஒரே கட்டடத்தில்! இது இவர்கள் மட்டும் கண்ட ஞானமல்ல. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டில், ஊருக்கு மேலே உள்ள காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397இலேயே கட்டளை எழுதி வைத்தார்கள். அந்த மரங்கள்தான் அவர்களுடைய சுவர்.

அடுத்த பருவத்தை எதிர்பார்ப்பது என்றால் என்ன என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சறுக்க வருகிறவன் எவ்வளவு பெய்யும் என்று கேட்கிறான். உள்ளூர்க்காரன், புதிய பனி எதன்மேல் விழப்போகிறது என்று கேட்கிறான். இலையுதிர் காலத்தில் மெலிசாக விழுந்து, வெறுங்குளிரில் பலமிழந்து கிடக்கும் முதல் பனிதான், பின்னால் வரும் பாரத்துக்கெல்லாம் அடித்தளம். அது பொல்லாததாக இருந்தால், பிப்ரவரியின் ஆபத்து நவம்பரிலேயே விதைக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

முதல் பனி விழுந்ததும் விருந்தினனுக்குச் சந்தோஷம். ஊர்க்காரனுக்கும் சந்தோஷந்தான், அவன் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அவன் ஒரு தடவை தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பான்.