விதைப் பானையும் ஹார்ட் டிஸ்க்கும்: ஒரே வீட்டில் இரண்டு சேமிப்புகள்

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த எடிட்டர் ஒருவர் கல்யாண வீடியோ ஒன்றை முடித்துக் கொடுக்கும் தறுவாயில் இருந்தார். கம்ப்யூட்டர் திணறுகிறதே என்று சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினார். ஃபுட்டேஜ் முழுக்க டி டிரைவில் இருந்ததால் அவருக்குப் பயமில்லை. ஆனால் டாவின்சி ரிசால்வைத் திறந்தபோது புராஜெக்ட் பட்டியல் காலியாக இருந்தது. அந்த மென்பொருள் புராஜெக்டைத் தனிக் கோப்பாக வைப்பதில்லை. தன் உள் தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். அவர் கணினியில் அந்தத் தரவுத்தளம் சி டிரைவில் இருந்தது. பதினேழு நாள் வேலை போய்விட்டது.

அந்த வீட்டுப் பரணில் அவருடைய அம்மா வைத்திருந்த உளுந்து விதை மட்டும் பத்திரமாக இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “ஏய்யா, விதையை எல்லாம் ஒரே பானையிலயா போட்டு வைப்பாக?”

அந்தக் கேள்விதான் இந்த ஒப்பீட்டுக்குக் காரணம். ஒரே வீடு, இரண்டு தலைமுறை, இரண்டு சேமிப்புகள். ஒன்று தப்பியது, மற்றது தப்பவில்லை.

எதைக் காப்பது?

கரிசல் வீடுகளில் தானியத்துக்கும் விதைக்கும் எப்போதும் இடம் வேறு. சாப்பாட்டுக்கான சோளமும் கம்பும் குலுக்கை என்னும் பெரிய தானியக் குதிருக்குப் போகும். நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கிய விதை பானைக்கோ சுரைக்குடுக்கைக்கோ போகும். குலுக்கையோடு ஒப்பிட்டால் விதைப் பானை மிகச் சிறியது. ஆனால் அடுத்த வருஷத்து வெள்ளாமை அதற்குள்தான் இருக்கிறது.

எடிட்டிங் அறையிலும் இதே கணக்குதான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா மணிக்கு 45 ஜிபி நிரப்பும். இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இது குலுக்கை. புராஜெக்ட் கோப்போ பெரும்பாலும் சில எம்பிதான். அதில் வீடியோ கிடையாது. எந்த ஷாட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நாதஸ்வரம் எந்த நொடியில் ஏறுகிறது, நிறத்தை எப்படித் திருத்தியிருக்கிறது என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். இதுதான் விதை.

நம் எடிட்டர்கள் குலுக்கையைக் காப்பதில் கவனமாக இருக்கிறார்கள். விதையை வைத்த இடம் பலருக்குத் தெரிவதில்லை. வேகமாகப் பேக்கப் எடுக்க வழி கேட்டால் விடையும் இங்கேதான் இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில்கூட 540 ஜிபியை மேலேற்ற முழுசாய்ப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். புராஜெக்ட் கோப்பு போய்ச் சேரச் சில நொடிகள் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மண் இல்லாமல் விதை முளைக்காது. ஃபுட்டேஜ் இல்லாத புராஜெக்டைத் திறந்தால் ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற சிவப்புத் திரைதான் வரும். இரண்டையும் காக்க வேண்டும். ஆனால் வேறு வேறு முறையில்.

எதிரி யார்?

உளுந்துக்கு எதிரி வண்டும் ஈரமும். அந்த அம்மா விதையை நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடைந்தால்தான் பானைக்குப் போகும். பிறகு சாம்பல் கலப்பார். மணிகளுக்கு இடையே சாம்பல் அடைத்துக்கொண்டால் வண்டு நடமாட முடியாது. மேலே வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டிச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுவார். ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு காப்பு இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்குக்கும் எதிரிகள் உண்டு. உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதற்கு மேலே மயிரிழையைவிடவும் மிகக் குறைந்த இடைவெளியில் தலை நகர்கிறது. கீழே விழுந்தாலும் கெடும், தேய்ந்தும் கெடும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் கோப்பு பழுதாகலாம். இவற்றோடு வைரஸும் உண்டு, நம் கையாலேயே செய்யும் ஃபார்மட்டும் உண்டு.

இவ்வளவு எதிரிகளுக்கும் பலர் நம்பியிருப்பது ‘ஆட்டோ சேவ்’ ஒன்றைத்தான். பிரீமியர் புரோவில் அந்தப் பிரதிகள் வழக்கமாகப் புராஜெக்ட் இருக்கும் அதே இடத்தில்தான் சேரும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கிளவுட் ‘சிங்க்’கும் இப்படித்தான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரே பானைக்குள் இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்தாலும் வண்டு விழுந்தால் இரண்டுக்கும் சேதம்தான்.

எப்படிப் பெயரிடுவது, எப்படிச் சோதிப்பது?

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இயங்குகிறது. அது வெளியிட்ட ரகங்களுக்கு ஊரின் முதலெழுத்தோடு ஓர் எண் சேர்ந்திருக்கும். கே 11 பருத்தி அப்படிப் பெயர் பெற்றதுதான். எந்த ரகம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். எடிட்டர் கணினியிலோ ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லாஸ்ட் ஃபைனல்’ என்று கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட திருத்தம் எதில் இருக்கிறதென்று செய்தவருக்கே தெரியாது. தேதியும் எண்ணும் இட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

சோதனை அதைவிட முக்கியம். விதைப்புக்கு முன் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் கட்டி வைத்து, நூற்றில் எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது விவசாயி வழக்கம். அம்மன் கொடையில் எடுக்கும் முளைப்பாரியையும் விதைச் சோதனையாகப் பார்ப்பவர்கள் உண்டு. பேக்கப் எடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, புராஜெக்டைத் திறந்து பார்த்த எடிட்டர்கள் எத்தனை பேர்? திறந்து பார்க்காத பேக்கப் முளைக்குமா என்று தெரியாத விதை.

எங்கே வைப்பது?

அம்மா கேட்டது இதைத்தான். அவர் விதையில் ஒரு பங்கு எப்போதும் பக்கத்து ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கும். வருஷா வருஷம் கொடுப்பதும் வாங்குவதும் நடக்கும். இந்த வீட்டில் கெட்டால் அந்த வீட்டில் கிடைக்கும்.

இது உலகம் முழுதும் நிரூபணமான வழி. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த இக்கார்டா விதை வங்கி போரில் சிக்கியது. நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் அவர்கள் முன்பே வைத்திருந்த பிரதி விதைகளை 2015இல் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017இல் பெட்டகத்துக்குத் திருப்பியும் வைத்தார்கள்.

சினிமாவிலும் அப்படியே. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற ஊழியரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். வறண்ட பூமிதானே என்று இருந்தோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோவில்பட்டியிலும் அரை மீட்டருக்கு மேல் பெய்தது. தரையில் வைத்த டிஸ்க்குகளுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

ஒற்றுமை முடியும் இடம்

விதையைப் பங்கு போட்டால் கையிருப்பு குறையும். கோப்பை எத்தனை பிரதி எடுத்தாலும் மூலம் குறையாது. விதை இந்த வருஷம் தவறினால் அண்டை வீட்டில் அதே ரகம் கிடைக்கலாம். ஒரு கல்யாணத்தின் எடிட்டிங் வேறு யார் வீட்டிலும் கிடைக்காது. அந்த வீடியோவில் பேத்தி தலையில் அட்சதை போட்ட தாத்தா இன்று இல்லாமல்கூட இருக்கலாம். ஆக, காப்பது எளிதான பொருளைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். இழந்தால் அதுதான் ஈடாகாதது.

ஏன் இப்படி? கரிசல் விவசாயி முதல் விதைப்பு கருகும் என்று கண்டு பழகியவர். முதல் மழைக்கு முளைத்தது அடுத்த மழை தள்ளிப்போனால் காய்ந்துவிடும். அதனால் மறுவிதைப்புக்கும் சேர்த்தே விதை எடுத்து வைப்பார். இழப்பு வரும் என்ற எண்ணத்திலிருந்து அவருடைய சேமிப்பு தொடங்குகிறது. எடிட்டரோ இழப்பு வராது என்ற நம்பிக்கையில் குவித்து வைக்கிறார். குவித்து வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி சொல்வதும் இதுதான்: மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மெமரி கார்டை இரண்டு டிஸ்க்கில் ஏற்றாமல் அழிக்காதீர்கள். ரிசால்வ் வைத்திருப்போர் தினமும் புராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து பாருங்கள்.

இன்று ராத்திரி கணினியை அணைக்கும் முன், கையில் இருக்கும் புராஜெக்டை ஒரு பென் டிரைவில் எடுத்து, அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அந்த அம்மா விதையை அப்படித்தான் வைத்தார்.