மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர்ப் புடைப்பு: முதியோருக்கான அறுவை சிகிச்சை

மாரடைப்பின்போது இரத்த ஓட்டம் தடைபட்டு இதயத் தசையின் ஒரு பகுதி அழிகிறது. அப்பகுதி தழும்பாகி மெலிந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளிப்புறமாகப் புடைக்கக்கூடும். பெரும்பாலும் இது இடது கீழறையில் ஏற்படுகிறது.

இரு வகைகள்

உண்மைப் புடைப்பு: சுவர் மெலிந்திருந்தாலும் கிழிவதில்லை. வெடிக்கும் வாய்ப்பு குறைவு. பலருக்கு மருந்துகளே போதுமானவை. இதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு, இரத்தக்கட்டி ஆகியவை தொடர்ந்தால் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும்.

போலிப் புடைப்பு: இது அரிதானது. இதயச் சுவர் கிழிந்து, வெளியேறும் இரத்தத்தை இதயத்தின் வெளியுறை மட்டுமே தடுத்து நிறுத்துகிறது. எந்நேரமும் வெடிக்கக்கூடும் என்பதால், பொதுவாகத் தாமதமின்றி அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் ஆகியவை தோன்றலாம். முதலிபாளையம் போன்ற பனியன் தொழில் பகுதிகளில், மூச்சுத்திணறலைப் பஞ்சுத் தூசியால் வந்தது என்றோ முதுமை என்றோ கருதிவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவர் எனில் எக்கோ பரிசோதனை அவசியம். புடைப்பின் வகையை உறுதிசெய்ய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

அறுவை சிகிச்சை

இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் இப்புடைப்பைச் சீரமைக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் டென்டன் கூலி 1958இல் மேற்கொண்டார். மார்பெலும்பு திறக்கப்பட்டு, இரத்தக்கட்டி அகற்றப்படும். பின்னர் புடைப்பு நேராகத் தைக்கப்படும் அல்லது உள்ளே ஒட்டு வைத்து மூடப்படும். தேவையெனில் பைபாஸ் சிகிச்சையும் உடன் செய்யப்படும்.

வயது தடையா?

வயது ஆபத்தைக் கூட்டும். ஆனால் வயது மட்டுமே தடையன்று. இதயத்தின் எஞ்சிய திறன், சிறுநீரகம், நுரையீரல், நீரிழிவு, உடல்வலிமை ஆகியவற்றை மருத்துவக் குழு ஆராயும். “புடைப்பு எவ்வகை? அறுவை செய்தால் ஆபத்து என்ன? செய்யாவிட்டால் ஆபத்து என்ன?” என்று தயங்காமல் கேளுங்கள்.

எங்கு அணுகலாம்?

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதலில் அணுகி, உரிய இதய அறுவை சிகிச்சை மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழையுங்கள்.

வீடு திரும்பிய பின்

மார்பெலும்பு கூட ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை துணிக்கட்டு, தண்ணீர்க் குடம் போன்ற பளுவைத் தூக்க வேண்டாம். மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீர் நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் அல்லது கைகால் தளர்ச்சி ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.