மின்னேற்றத்தின் பொறுமை

நூல்களின் மின்படிகளை வாசிக்கவென்று நான் வைத்திருக்கும் டேப்லட் பத்தாண்டு தாண்டியது. இரவு முழுதும் பழைய கணினியின் யுஎஸ்பி துளையில் செருகி வைத்தும், விடிந்தபோது பாதிகூட நிறைந்திருக்கவில்லை. சலிப்புடன் காரணம் தேடப்போனால், இந்தத் தாமதத்துக்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். இரண்டு ஈயத் தகடுகள், இடையே துணி, சுற்றிலும் கந்தக அமிலம். அத்தகடுகள் போதிய மின்சாரத்தைத் தேக்க, அவற்றைத் திரும்பத் திரும்ப ஏற்றியும் இறக்கியும் நெடுநாள் பழக்க வேண்டியிருந்தது. 1881இல் கமீல் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி அக்காலத்தைப் பெரிதும் சுருக்கினார்.

லித்தியத்தின் கதையில் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அமைத்த கலத்தின் எதிர்முனை உலோக லித்தியம். மின்னேற்றும்போது அது சீராகப் படியாமல் ஊசிகளாக வளர்ந்தது. ஊசி மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று, பிறகு நெருப்பு. 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைக்குக் கொணர்ந்தார். 1985இல் அகிரா யோஷினோ எதிர்முனையின் உலோகத்தை நீக்கிக் கரிமத்தை வைத்தார். 1991இல் சோனி இவ்வகைக் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கரிம அடுக்குகள் ஓர் அறை போன்றவை. லித்தியம் அயனிகள் உள்ளே நுழைந்து அமர நேரம் வேண்டும். விரட்டினால், இடம் கிடைக்காதவை வெளியே உலோகமாகப் படியும்; பழைய ஊசி மீண்டும் முளைக்கும். கலம் நிறையும் தறுவாயில் மின்னோட்டம் குறைந்துகொண்டே போவது இதனைக் கருதியே.

அறைக்கு ஒரு வாசலும் உண்டு. 1996இல் வந்த யுஎஸ்பி, விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்காக வகுக்கப்பட்டது. 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். 2010இல் வந்த முதல் ஐபேடின் மின்கலம் 25 வாட்-மணி. திரை அணைந்து, இழப்பே இல்லாதிருந்தாலும் அவ்வாசல் வழியே நிறையப் பத்து மணி நேரம். 2012இன் மூன்றாம் ஐபேடில் 42.5 வாட்-மணி, பதினேழு மணி நேரம். அவ்வாண்டே வகுக்கப்பட்ட புதிய யுஎஸ்பி நெறி 100 வாட் வரை வழிவிட்டது. 2021இல் அது 240 ஆயிற்று.

வாசலை மனிதன் அகலப்படுத்திவிட்டான். அறைக்குள் அமரும் வேகத்தை இன்னும் பொருளே தீர்மானிக்கிறது. என் டேப்லட்டைக் கணினியிலிருந்து உருவி, உரிய மின்னேற்றியில் செருகினேன். கடைசிச் சில விழுக்காட்டில் அது தயங்கியபோது சலிப்பு வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காகிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.