மாவட்ட ஆவணங்களும் குடும்ப வரலாறும்

வேந்தர்களின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடிக் கண்டோம். குடிமக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அன்று. பாட்டனார் பெயர் எல்லார்க்கும் தெரியும். அவருடைய தந்தையார் பெயர் தெரிந்தவர் சிலர். அதற்கும் அப்பால் இருள்தான். முன்பெல்லாம் ஒருவர் பெயரின் முன்னே ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் சேர்ந்து நின்றன. இன்று பல பெயர்களில் ஊரின் எழுத்து உதிர்ந்துவிட்டது. அவ்வாறு உதிர்ந்ததை மீட்கத் துணைபுரியும் கருவூலம் ஒன்று உண்டு. அதுவே அரசாங்கத்தின் மாவட்ட ஆவணங்கள்.

வரிக்காக எழுந்த ஏடுகள்

நிலத்தை அளந்து கணக்கெழுதும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. சோழர் ஆட்சியில் புரவுவரித் திணைக்களம் இருந்ததையும், வரிப்பொத்தகம் எனப் பெயர்பெற்ற அலுவலர் இருந்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால் அவர்கள் எழுதிய ஓலைகள் அழிந்தன. இன்று நம் கைக்குத் தொடர்ச்சியாக எட்டும் ஏடுகள் பெரும்பாலும் கும்பினியார் காலத்தில் தொடங்குபவை. 1792-ஆம் ஆண்டில் பாரமகால் அவர்கள் வசமாயிற்று. அங்கே அலெக்சாந்தர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் உழவர் ஒவ்வொருவரோடும் அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தனர். மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னையின் கவர்னராக இருந்தபோது அந்த ரயத்துவாரி முறை மாநிலத்தில் வேரூன்றியது. அதனால் எளிய உழவரின் பெயரும் அரசாங்க ஏட்டில் ஏறியது.

இவ்வேடுகளை எழுதியவர் எவரும் நம் குடும்பத்தை எண்ணி எழுதவில்லை. இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வாங்குவது என்பதே அவர்கள் அறிய விரும்பியது. ஆகவே ஆளைக் கொண்டு நிலத்தைத் தேடுவதைவிட, நிலத்தைக் கொண்டு ஆளைத் தேடுவதே இங்குப் பொருந்தும் வழி. ஊரும் வட்டமும் தெரியாதவர்க்கு இக்கருவூலத்தின் கதவு திறவாது.

நிலம் சொல்லும் செய்தி

நிலவரித் திட்டத்தின்போது ஊர்தோறும் எழுதப்பட்ட ‘அ’ பதிவேட்டில் புல எண், பரப்பு, மண்ணின் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை இடம்பெறும். சிட்டா ஒருவருக்குள்ள நிலங்களைத் தொகுத்துரைக்கும். அடங்கல் ஆண்டுதோறும் என்ன பயிர் விளைந்தது என்று சொல்லும். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிவைத்த பதிவேடுகள் இன்னும் அரியவை. மானியத்தைக் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், அவருக்கும் முதலில் பெற்றவருக்கும் என்ன உறவு என்பனவற்றை அவை கேட்டு எழுதின. கோயிற்பணி, கல்விப்பணி, ஊர்ப்பணி செய்து மானியம் பெற்ற குடும்பங்களுக்கு அதுவே ஒரு வம்சாவளி.

ஊரின் இடம் மாறாவிட்டாலும் அதன் மாவட்டம் மாறியிருக்கும். தஞ்சை மாவட்டத்து ஊர்கள் பல 1991-க்குப்பின் நாகப்பட்டினத்தையும், 1997-க்குப்பின் திருவாரூரையும், 2020-க்குப்பின் மயிலாடுதுறையையும் சேர்ந்தன. புதுக்கோட்டை 1948 வரை தனி அரசு. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. ஜமீன் ஊர்களிலோ 1948-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் வரை குடிகளின் கணக்கு ஜமீன் கச்சேரியைச் சார்ந்தது. எனவே பாட்டனார் வாழ்ந்த ஆண்டில் ஊர் எந்த ஆட்சியின்கீழ் இருந்தது என்பதை முதலில் தெளிய வேண்டும்.

காலக்கணக்கும் அவ்வாறே. வருவாய்த்துறை ஏடுகள் பசலி ஆண்டில் எழுதப்பட்டவை. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அவ்வாண்டு ஜூலை முதல் நாளில் பசலி பிறக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. நெல்லைச் சீமையிலும் திருவிதாங்கூரிலும் கொல்லம் ஆண்டும் வழங்கியது. வீட்டுச் சுவடியில் ‘ஆனந்த வருஷம்’ என்று மட்டும் இருப்பின், அது 1854-ஆகவும் இருக்கலாம், 1914-ஆகவும் இருக்கலாம். தலைமுறையை எண்ணித்தான் முடிவு காணவேண்டும்.

பத்திரப் பதிவகம்

1865-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பத்திரப் பதிவு முறை நடைபெற்று வருகிறது. இன்று வழக்கிலுள்ளது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். பத்திரத்தில் குறிக்கப்படுபவரின் இருப்பிடம், தொழில், தந்தை பெயர் ஆகியவை எழுதப்பட வேண்டும் என்பது அதன் விதி. தாயின் பெயரால் அறியப்படுபவராயின் தாயின் பெயர். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்னும் அந்த ஒரு வரியே இரு தலைமுறைகளை இணைத்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன் தம்பியர் அனைவரும் ஒரே தாளில் நிற்பர். முதலாம் புத்தகத்தில் நிலம் பற்றிய பத்திரங்கள் பதிவாகும்; கட்டணம் செலுத்திய எவரும் அதைப் பார்வையிடலாம். மூன்றாம் புத்தகத்தில் உயில்கள் பதிவாகும். எழுதியவர் மறைந்தபின் அவற்றின் நகலை எவரும் கேட்டுப் பெறலாம்.

பத்திரத்தின் செக்குபந்தியையும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு’ என்று நான்கெல்லை கூறுமிடத்தில் பங்காளிகளின் பெயர்கள் வரக்கூடும். தம் பெயரில் பத்திரமே எழுதாத ஒருவர் அண்டை நிலத்தின் எல்லையாக மட்டும் ஏட்டில் வாழ்வதுண்டு.

ஏட்டில் ஏறாதவர்

இவ்வேடுகளில் எல்லாரும் இல்லை. நிலமில்லாதவர் வரி ஏட்டில் இல்லை. பெண்கள், கணவரை இழந்து கைநாட்டிட்டபோதோ மஞ்சட்காணி பெற்றபோதோதான் தோன்றுகின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவரின் பெயரைப் பட்டாவில் தேடுவது வீண். அவர்களைத் தேடவேண்டிய இடம் பிறப்பு இறப்புப் பதிவேடு. 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சிற்றூர்களில் கிராம முன்சீப் அதை எழுதிவந்தார். பல பதிவுகளில் குழந்தையின் பெயர் இராது. ஆண் அல்லது பெண் என்பதும் பெற்றோர் பெயரும் மட்டுமே இருக்கும்.

ஊரார் எழுதாதவரைக் கப்பற்காரர் எழுதியதும் உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் சுமார் 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். அக்கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று தமிழகத்துக்கு வந்து ஊர் தேடுகின்றனர். நாலாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவர்கள் தேடும்போது, ஓர் இரவுப் பயணத்தில் ஊரையடையக்கூடிய நாம் தேடாதிருத்தல் தகுமா?

ஏன் புறப்பட்டோம்?

உத்தியோகம் கிடைத்தது, வந்தோம் என்று குடும்பங்கள் கூறும். பதிவகத்தின் ஏடு வேறொரு காரணத்தையும் காட்டலாம். 1930-களில் நெல் விலை வீழ்ந்தது, கடன் பெருகிற்று. அதன் கொடுமை தாளாமலே 1938-இல் இராசாசியின் அமைச்சரவை உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் அடமானம், பிறகு மேலடமானம், இறுதியில் கிரயம் என அடுத்தடுத்து நிற்கும் மூன்று பதிவுகள், ஒரு குடும்பம் புகைவண்டி ஏறிய காரணத்தை உரைத்துவிடும். பழம்பெருமை தேடிச் சென்றவர்க்கு அது கசக்கலாம். ஆயினும் கடனில் மூழ்கிய நிலையிலும் பிள்ளையைப் படிக்கவைத்து அனுப்பிய ஒரு பாட்டனாரை அங்கே காண்பது, இல்லாத ஜமீனைக் கற்பித்துக்கொள்வதினும் பெரிது.

சென்னை எழும்பூரில் 1909-இல் நிறுவப்பட்டு, 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர்பெற்ற நிலையத்தில் பழைய மாவட்ட ஆவணங்கள் பேணப்படுகின்றன. பட்டாவும் வில்லங்கச் சான்றும் இன்று கணினி வழியே கிடைக்கின்றன. ஆனால் 1980-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தபின், எந்த வயல் எவருடைய பங்கு என்று வாய்மொழியாகச் சொல்லவல்லவர் ஊர்களில் அருகிவிட்டனர். ஏட்டில் ஒரே பெயரில் மூவர் இருப்பர். அவருள் நம்மவர் யார் என்று சொல்ல ஏட்டுக்குத் தெரியாது, வீட்டிலுள்ள முதியவருக்கே தெரியும். ஊர், வட்டம், பாட்டனாரின் தந்தையார் பெயர், நிலத்துக்கு வழங்கிய பெயர் ஆகிய நான்கையும் அவரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்வோமாக. அரசாங்கத்தின் ஏடு இன்னும் பல்லாண்டு காத்திருக்கும். அவர் காத்திருக்க இயலாது.